விலையைச் சொன்னீர்கள், எண்ணையும் சொல்லுங்கள்: ‘யுவர் ஃபிரெண்ட்ஸ் அண்ட் நெய்பர்ஸ்’ எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜோனதன் ட்ராப்பர் அவர்களுக்கும் அவருடைய எழுத்தாளர் குழுவுக்கும் வணக்கம்.

வாட்ச் பழுது பார்ப்பவர்கள், பழைய வாட்ச் வாங்கி விற்பவர்கள், நகையும் வாட்சும் களவுபோனால் வரும் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. 2025 ஏப்ரல் 11 அன்று ஆப்பிள் டிவி பிளஸில் தொடங்கி மே 30 அன்று முடிந்த உங்கள் தொடரின் முதல் சீசனின் ஒன்பது பகுதிகளையும் பார்த்தோம். ஹெட்ஜ் ஃபண்ட் (பணக்காரர்களின் பணத்தை முதலீடு செய்யும் நிறுவனம்) வேலை பறிபோன ஆண்ட்ரூ கூப்பர் என்ற கூப், நியூயார்க்கை ஒட்டிய வெஸ்ட்மான்ட் வில்லேஜ் என்னும் கற்பனைப் புறநகரில் தன் நண்பர்களின் வீடுகளிலேயே கைவைக்கிறான். ஜான் ஹாம் அந்த வேடத்தில் பதற்றத்தையும் பவிசையும் ஒரே முகத்தில் காட்டுகிறார். தொடர் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறோம்.

கூப் ஒரு வாட்சை எடுக்கும்போது, அது யார் செய்தது, என்ன விலை, ஏன் அந்த விலை என்று அவன் குரலிலேயே விளம்பரம் போல ஒரு விவரணை வருகிறது. அந்த விவரணையில் ஒன்று விடுபட்டுப்போகிறது: வாட்சில் பொறித்திருக்கும் எண். கூப் திருடியதைக் கொண்டுபோய் விற்கும் லூவின் அடகுக் கடையில் பேரம் முடிந்ததும் பொருள் திரையைவிட்டுப் போய்விடுகிறது. உண்மையில் அந்தப் பொருளின் கதை அங்கேதான் ஆரம்பம். இனி எழுதும் பகுதிகளில் அந்த எண்ணையும் கதைக்குள் கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கூப் முதலில் எடுப்பது சுவிஸ் வாட்ச் நிறுவனமான படெக் பிலிப்பின் நாட்டிலஸ். ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து 1976இல் வெளிவந்த வரிசை அது. அதில் அதிகம் பேசப்பட்ட 5711 மாடல் 2006இல் வந்து 2021இல் நிறுத்தப்பட்டது. கடைசிக் காலத்தில் எஃகு 5711இன் கடை விலை சுமார் 35,000 டாலர். வெளிச்சந்தையில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. டிஃபனி நகை நிறுவனத்தின் நீல நிறத்தில் டயல் போட்ட ஒன்று 2021 டிசம்பரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. இவை எல்லாம் முறையான உரிமையாளர் கையில், பெட்டியும் சான்றிதழும் சேர்ந்த வாட்சுக்கு உள்ள விலைகள். கூப் கையில் இருப்பது வாட்ச் மட்டும். சான்றிதழ் உரிமையாளரின் மேசை இழுப்பறையிலோ வங்கி லாக்கரிலோ இருக்கிறது.

படெக் வாட்ச் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று உள்ளே ஓடும் இயந்திரமான மூவ்மென்டில், மற்றது வெளிக்கூடான கேஸில். இரண்டும் சான்றிதழில் ஏறியிருக்கும். 1839இல் தொடங்கிய அந்த நிறுவனம் பழைய பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறது. எந்த எண் எந்தக் கேஸோடு சேர்ந்து எப்போது வெளியே போனது என்பதை அதிலிருந்து எடுத்துவிடலாம். ரோலெக்ஸில் முன்பு செயினைக் கழற்றினால்தான் எண் தெரியும், ஆறு மணிப் பக்கத்தில் செயினை மாட்டும் கொம்புகளுக்கு நடுவே இருக்கும். 2005 வாக்கிலிருந்து டயலைச் சுற்றிய உள்வளையத்திலேயே பொறிக்கிறார்கள். கண்ணாடி வழியாக லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும். எண்ணைத் தேய்த்து அழித்தால் என்ன என்று திரைக்கதையில் யாராவது கேட்கலாம். தேய்த்த இடம் பள்ளமாகத் தெரியும். எண் இல்லாத வாட்சை நிறுவனத்தின் சர்வீஸ் மையம் தொடாது. விவரம் தெரிந்த வியாபாரி கையால்கூட எடுக்க மாட்டார். அழிக்க முயன்றதே வாட்ச் வந்த வழியைச் சொல்லிவிடும்.

எண்ணை விட்டுவிட்டாலும் வாட்ச் வாய் மூடி இருப்பதில்லை. உரிமையாளரின் மணிக்கட்டுக்கு ஏற்பச் செயினைச் சுருக்கும்போது இரண்டு மூன்று கண்ணிகளைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுவார்கள். அவை வாட்ச் பெட்டிக்குள் கிடக்கும். வாட்சை மட்டும் தூக்கிக்கொண்டு போனவனிடம் அந்தக் கண்ணிகள் இருக்காது. ‘மிச்சக் கண்ணி எங்கே?’ என்பதுதான் நல்ல வியாபாரி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

இன்னொன்று, உங்கள் கேமராவுக்கென்றே செய்தது போன்ற விஷயம். 5711 கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வாட்ச். முழுச் சாவி ஏறியிருந்தால் அசைவில்லாமல் 35 முதல் 45 மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும். மூன்று மணி இடத்தில் உள்ள தேதி ஜன்னலும் அதோடு நின்றுவிடும். கூப் அதை ஒரு ஞாயிறு இரவு காலுறைக்குள் சுருட்டி அலமாரியில் வைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைத் தேதியிலேயே அது உறைந்து கிடக்கும். அங்கிருந்து அந்த 35 முதல் 45 மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணினால், வாட்ச் கடைசியாக அசைந்த நாளை அந்தச் சின்ன ஜன்னல் காட்டிக்கொடுக்கிறது. மாதம் தெரியாது, முழுச் சாவி இருந்ததா என்றும் தெரியாது, அதனால் நீதிமன்றத்தில் அது மட்டும் நிற்காது. ஆனால் அந்த வார இறுதியில் யார் எங்கே இருந்தார்கள் என்று விசாரிப்பவருக்குக் கேள்வியை எங்கே தொடங்குவது என்று காட்டிவிடும். கையில் எடுத்து ஆட்டினால் வாட்ச் மறுபடி ஓடத் தொடங்கி அந்தத் தடயம் கலைந்துபோகும். வாட்ச் வேலை தெரிந்தவர்கள் அதனால்தான் சந்தேகத்துக்குரிய வாட்சை ஆட்டிப் பார்ப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது பதிவேடுகள். லண்டனில் 1990இல் தொடங்கிய ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் களவுபோன கலைப்பொருள்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதன் கிளையான வாட்ச் ரெஜிஸ்டரில் வாட்ச்கள் மட்டும். 2023இல் சுவிஸ் சொகுசுப் பொருள் நிறுவனமான ரிஷ்மான் குழுமம் என்குவைரஸ் என்ற இலவசத் தளத்தைத் திறந்தது, அதில் எந்த நிறுவனத்து வாட்சையும் பதியலாம். வாட்சை வாங்குவதற்கு முன்னால் எண்ணைப் போட்டுத் தேடுவது இப்போது பெரிய கடைகளில் அன்றாட வேலை. நியூயார்க் நகரில் அடகுக் கடையும் பழம்பொருள் கடையும் விற்க வந்தவரின் அடையாளத்தையும் பொருளின் எண்ணையும் பதிவு செய்தாக வேண்டும். லூ அந்தப் பதிவைச் செய்யாத ஆள் என்பது சரி. அதனால்தான் லூவிடம் கிடைப்பது சந்தை விலையின் ஒரு துண்டு. பதிவு செய்யாமல் வாங்குவதற்கான கூலியை அவர் கூப்பின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். ஏமாற்றினாலும் கூப் யாரிடம் போய்ச் சொல்வான்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

பணத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். நூறு டாலர் நோட்டு ஒன்று ஒரு கிராம். ஒரு லட்சம் டாலர் என்றால் ஆயிரம் நோட்டு, ஒரு கிலோ. பையில் அடங்கிவிடும், வாழ்க்கையில் அடங்காது. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கும் வியாபாரி 15 நாளுக்குள் 8300 என்ற படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். வங்கியில் கட்டினாலும் அதே எல்லையில் அறிக்கை போகும். எல்லைக்குக் கீழே வரும்படி துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டினால் அதுவே தனிக் குற்றம். கூப்பின் செலவுகளோ வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், கிளப் சந்தா என்று கணக்கு வழியாகப் போகிறவை. வேலையில்லாத மனிதன் இவற்றை மாதாமாதம் எதிலிருந்து கட்டுகிறான் என்று கணக்காளர் கேட்கும் ஒரு காட்சிக்குத் துப்பாக்கியைவிட அதிக வலு இருக்கும். 1956இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் சீவர் ‘தி ஹவுஸ்பிரேக்கர் ஆஃப் ஷேடி ஹில்’ சிறுகதையை எழுதியபோது அவருடைய புறநகர்த் திருடன் அண்டை வீட்டுப் பர்ஸிலிருந்து எடுத்தது ரொக்கம். அவனுக்கு அடகுக் கடைக்காரர் தேவைப்படவில்லை. நீங்கள் வாட்சைத் தேர்ந்தெடுத்தீர்கள். வாட்சோடு வரும் சிக்கல்களும் உங்கள் கதைக்குச் சொந்தம்.

காப்பீட்டு மேசையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. அமெரிக்காவில் பரவலாக விற்கும் எச்ஓ-3 வகை வீட்டுக் காப்பீட்டில் நகை, வாட்ச், ஃபர் களவுக்கு வழக்கமான உச்சவரம்பு மொத்தமாக 1,500 டாலர். எனவே நாட்டிலஸ் வைத்திருப்பவர் அதைத் தனியாகப் பட்டியலிட்டுக் காப்பீடு எடுக்கிறார். அதற்கு மதிப்பீட்டுச் சான்றிதழ், எண், படங்கள் எல்லாம் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். வாட்ச் காணாமல்போனதாகப் புகார் வந்தால் அந்த எண் பதிவேடுகளுக்குப் போகும். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டால் வாட்சின் உரிமை அதற்கு மாறும். அப்போதிலிருந்து அதைத் தேடுவது மனம் உடைந்த நண்பர் அல்ல, அவசரமே இல்லாத ஒரு நிறுவனம். பத்து வருஷம் ஆனாலும் அது கோப்பை மூடாது.

விசாரணையில் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: வீட்டுச் சாவியும் அலாரம் எண்ணும் யார் யாரிடம் உள்ளன? பதில் பட்டியலில் விருந்துக்கு வந்த நண்பர்களின் பெயர் இருக்காது. வேலைக்கு வருகிற பெண், தோட்டக்காரர், குழாய் சரிசெய்பவர் என்றுதான் இருக்கும். உங்கள் தொடரில் வீட்டு வேலை செய்யும் எலெனாவைப் போன்றவர்களை முதலில் உட்கார வைத்து விசாரிப்பார்கள். குற்றம் செய்யாத ஒருவருக்கு அந்த வீட்டு வேலையோடு அடுத்த நான்கு வீடுகளின் பரிந்துரையும் போய்விடும். கூப் நண்பர்களிடம் திருடுவதாக நினைத்துக்கொள்கிறான். நஷ்டத்தில் பெரும்பங்கு அவன் பெயர்கூடத் தெரியாதவர்கள் தலையில் விழுகிறது.

அவர்களில் ஒருவர்தான் கடைசியாக அந்த வாட்சை வாங்குபவர். உங்கள் தொடரில் அவருக்கு முகம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடலில் பாதி. நியூயார்க் சட்டப்படி திருடன் நல்ல உரிமையைக் கைமாற்ற முடியாது. நான்கு கை மாறி, நேர்மையாக விலை கொடுத்து ஒரு செவிலியரோ ஆசிரியரோ சேமிப்பில் வாங்கியிருந்தாலும், உண்மை உரிமையாளர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம், களவுபோன தன் மார்க் சகால் ஓவியத்தைக் கேட்டுத் தொடர்ந்த வழக்கில் 1991இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் இதை உறுதிப்படுத்தியது. திருப்பிக் கேட்டு, வாங்கியவர் மறுத்த நாளிலிருந்துதான் மூன்று வருஷக் காலக்கெடு ஓடத் தொடங்கும். வாங்கியவருக்கு இது எப்போது தெரியவருகிறது? சாதாரண சர்வீஸுக்குக் கொடுத்தபோது. எண்ணெய் காய்ந்துவிட்டது, மூவ்மென்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அனுப்புகிறார். சர்வீஸ் மையம் எண்ணைப் பதிகிறது. வாட்ச் திரும்பி வருவதில்லை, ஒரு கடிதம் வருகிறது.

ஓவியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் ஆபத்து உங்களுக்கே தெரியும். ஆனாலும் கூப் திருடுவதற்கு அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தபோது நிஜத்தில் நடந்த ஒன்று உங்கள் மேசையில் இருந்திருக்கலாம். அவருடைய ‘எலக்ட்ரிக் கார்டு’ 1970இல் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் காணாமல்போய், 2012இல் நியூயார்க் கிடங்கு ஒன்றில் அகப்பட்டது. 42 வருஷம். 2023இல் லிக்டன்ஸ்டைன் அறக்கட்டளை அவருடைய படைப்புகளின் முழுப் பட்டியலை இணையத்தில் போட்டுவிட்டது. இனி அப்படி ஒன்றை விற்க நினைப்பவன் பட்டியலுக்கு எதிராக விற்க வேண்டும். ஹெர்மேஸ் நிறுவனத்தின் விலை உயர்ந்த பிர்கின் கைப்பையில் நிலைமை வேறு. உள்ளே அழுத்தியிருக்கும் எழுத்து ஆண்டையும் பட்டறையையும்தான் சொல்லும், அந்த ஒரு பையை அல்ல. தோலின் கோடும் கீறலும் தெரியும் படங்கள்தான் அங்கே சாட்சி.

தண்டனையைப் பற்றி ஒன்று. யாரும் இல்லாத வீடு, கதவு திறந்திருந்தது, எனக்கு அவர்களைத் தெரியும் என்பதெல்லாம் நியூயார்க்கில் சலுகை ஆகாது. குடியிருக்கும் வீட்டுக்குள் திருடும் நோக்கோடு அனுமதியின்றி நுழைந்தாலே இரண்டாம் நிலைக் கன்னக்களவு. முதல் குற்றத்துக்கே மூன்றரை முதல் 15 வருஷம். எடுத்த பொருள் 50,000 டாலரைத் தாண்டினால் இரண்டாம் நிலைப் பெருந்திருட்டும் சேரும். தொடரில் யாராவது ஒரு வக்கீல் கூப்பிடம் இந்த எண்களை நிதானமாக வாசித்துக் காட்டினால் போதும்.

எழுத்தாளர் அறையில் ஒருநாள் வாட்ச் வேலை தெரிந்த ஒருவரையும் களவு இழப்பை மதிப்பிடும் ஒருவரையும் உட்கார வையுங்கள். அவர்களிடம் கதை கேட்க வேண்டாம், ஒரு வாட்ச் காணாமல்போன முதல் ஏழு நாளில் யார் யாருக்கு என்ன தாள் போகிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை கூப் ஒரு இழுப்பறையைத் திறக்கும்போது கேமரா வாட்சின் முன்பக்கத்தோடு நிற்காமல் அதைத் திருப்பி, பொறித்திருக்கும் எண்ணை இரண்டு விநாடி காட்டட்டும். சில பகுதிகள் கழித்து அதே எண் ஒரு கடைக்காரரின் திரையில் வரட்டும்.

இப்படிக்கு,
வாட்ச் தொழிலிலும் காப்பீட்டுத் துறையிலும் இருக்கும் உங்கள் பார்வையாளர்கள்