2027 மார்ச் 4-க்கு அப்புறம் என்ன? ஐரோப்பிய உள்துறை அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் உள்துறை அமைச்சர்களுக்கு,

வணக்கம். 2022 மார்ச் 4 அன்று நீங்கள் செய்தது நல்ல காரியம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2001-இல் எழுதி, ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் கிடந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, ரஷ்யா பெரும்போரைத் தொடங்கிய ஒன்பதாம் நாளே உக்ரைன் மக்களுக்குத் தங்கவும் வேலை பார்க்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் வழி செய்தீர்கள். (சிரியாவிலிருந்து ஆட்கள் வந்தபோது இதே சட்டம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதை இன்னொரு மடலில் கேட்கிறேன்.) இப்போதைய கேள்வி ஒன்றுதான். 40 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நம்பியிருக்கும் இந்த ஏற்பாடு 2027 மார்ச் 4-இல் முடிகிறதே, அப்புறம்?

ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு வருடம் என்று நீட்டிக்கொண்டே வந்தீர்கள். அது கீழே எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். நான் இருக்கும் ஜெர்மனியில் பலருக்குப் புதுக் குடியிருப்பு அனுமதி அட்டையே வரவில்லை, பழைய அட்டையே செல்லும் என்று ஓர் அரசாணை போட்டதோடு சரி. எங்கள் கட்டிடத்தில் உக்ரைனின் கார்கிவ் நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார், முதியோர் இல்லத்தில் வேலை. அவர் அட்டையில் இன்றைக்கும் 2024 மார்ச் 4 என்றே இருக்கிறது. அதனால் அந்த அரசாணையை அச்செடுத்து, தேவையான பத்தியில் மஞ்சள் கோடு போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கைப்பையிலேயே கொண்டு திரிகிறார். ஒரு வங்கியில் கவுண்டரில் இருந்த பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிடப் போனான், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அந்த அம்மாவையே பார்த்தார்கள். சட்டப்படி அவரிடம் எந்தக் குறையும் கிடையாது.

போர் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள் என்பது உங்கள் கணக்கு. அந்த மண்ணில் இந்தக் கணக்கு எத்தனை தடவை பொய்த்திருக்கிறது! 1944 மே மாதம் சோவியத் ஆட்சியில் கிரீமியாவின் பூர்வகுடிகளான தாத்தார்களைச் சில நிமிட அவகாசத்தில் வீட்டைவிட்டுக் கிளப்பி மத்திய ஆசியாவுக்கு ரயிலேற்றினார்கள். பெருவாரியானவர்கள் திரும்ப 1980-களின் கடைசி வரை ஆயிற்று, 2014-இல் ரஷ்யா கிரீமியாவைப் பிடித்ததும் அவர்களில் பலர் மறுபடி மூட்டை கட்டினார்கள். 1986 ஏப்ரல் 27 அன்று, செர்னோபில் உலை வெடித்த மறுநாள், பிரிப்யாத் நகரத்தின் கிட்டத்தட்ட 50,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றியபோது சொல்லப்பட்டது, மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்ற கதை. ஊர் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அதே சமயம், பக்கா காகிதம் கொடுத்துவிட்டால் ஊரை மறந்துவிடுவார்கள் என்று உக்ரைன் தலைநகர் கீயவில் சிலர் பயப்படுகிறார்கள், ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நாட்டுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஜெர்மனி, ஆஸ்திரிய முகாம்களில் சோவியத்துக்குத் திரும்ப மறுத்துத் தங்கிய சுமார் 2 லட்சம் உக்ரைனியர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று குடியேறி, குடியுரிமை வாங்கி, ஊரை மறக்காமல் அங்கேயே உக்ரைனியப் பள்ளியும் தேவாலயமும் பத்திரிகையும் நடத்தினார்கள். பிராகிலிருந்து 1945-இல் இடம்பெயர்ந்த உக்ரைனியச் சுதந்திரப் பல்கலைக்கழகம் இன்றும் மியூனிக்கில் இருக்கிறது. போய்வர பயமில்லாதவன்தான் ஊருக்குப் போவான், வீடு கட்டுவான்; அட்டை காலாவதியானவன் எல்லையைத் தாண்டவே யோசிப்பான். கீயவ் அரசே 2025-இல் இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டதே.

2025 செப்டம்பரில் நீங்கள் ஏற்ற பரிந்துரையைப் படித்தேன். வேலை, படிப்பு, குடும்பம் என்ற அடிப்படையில் அந்தந்த நாட்டின் வழக்கமான குடியிருப்பு அனுமதிக்கு மாற்றிவிடலாம் என்கிறீர்கள். சரி, முழுநேர வேலையில் இருப்பவர் மாறிவிடுவார். கைக்குழந்தையோடு பகுதிநேர வேலை செய்யும் தாய்? மரியுபோலில் வீடு தரைமட்டமான எழுபது வயதுப் பாட்டி? சம்பளச் சீட்டை அளவுகோலாக வைத்தால் முதலில் வெளியே விழப்போகிறவர்கள் இவர்கள்தான்.

ஆகவே கேட்பது இவைதான். வருமானம் காட்ட முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்துப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் தனி அனுமதி கொடுங்கள். 2003-இன் நீண்டகாலக் குடியிருப்புச் சட்டம் தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை, அவர்கள் இங்கே வேலை பார்த்து வரி கட்டிய வருடங்களை அதில் கணக்கில் எடுங்கள். முடிவை 2027 பிப்ரவரி கடைசி வாரம் வரை இழுக்காமல் முன்கூட்டியே அறிவியுங்கள், வாடகை ஒப்பந்தமும் பள்ளிச் சேர்க்கையும் அதற்காகக் காத்திருக்காது. அப்புறம், தயவுசெய்து தேதி சரியாக இருக்கும் ஓர் அட்டையை அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்மனியில் வசிக்கும் ஒரு தமிழன்