பேச்சி வெளியே வரமாட்டாள், மதினி

அன்புள்ள மதினிக்கு,

ஆடிக் கொடைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்று அண்ணன் சொன்னான். ரொம்பச் சந்தோஷம். கூடவே நீங்கள் கேட்டதையும் சொன்னான்: "அந்தப் பூனையை இன்னும் வீட்டுக்குள்ளயேதான் அடைச்சு வச்சிருக்காளா?" இதே கேள்வியை மீன்காரம்மா, பால்காரர், பக்கத்துத் தெரு ஆச்சி எல்லாரும் கேட்டாயிற்று. அதனால் உங்களுக்கான பதிலை எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடைத்து வைக்கவில்லை மதினி. புறவாசல் கதவைக் காலையில் திறந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் சாத்துகிறோம். பேச்சி நிலைப்படிக்கு ஒரு சாண் உள்ளே வந்து உட்காருவாள். முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, வாலை அதன்மேல் சுற்றிப் போட்டுக்கொண்டு, மூக்கை மட்டும் நீட்டி மோப்பம் பிடிப்பாள். மீசை முழுக்க முன்பக்கம் வளைந்து வந்திருக்கும். வேப்பமரத்திலிருந்து ஒரு காய்ந்த குச்சி விழட்டும், பட்டாசல் கூடத்தைத் தாண்டி, உள்ளறையான அரங்குவீட்டில் தானியக் குலுக்கைக்குப் பின்னால் போய்விடுவாள். படிக்கு அந்தப் பக்கம் அவள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. பூனை குறுக்கே போனால் காரியம் ஆகாது என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். இவள் எங்கே போய் யாருக்குக் குறுக்கே வர?

2023 டிசம்பர் 17, 18-ல் கொட்டிய மழையில் தாமிரபரணி கரை மீறி வந்ததே, அது வடிந்த பிறகு மச்சுப் படிக்கு அடியில் கிடைத்தவள் இவள். வெள்ளத்தில் பயந்துபோன பூனை என்பது அம்மாவின் கட்சி. இருக்கலாம். ஆனால் டாக்டர் சொன்ன காரணம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பூனைக்குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைக்கும் உள்ள காலம் முக்கியமாம். அதற்குள் மனிதர் கை பட்டு, குரல் கேட்டு வளர்ந்தால் ஆள் பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். நம்மிடம் வந்தபோதே இவளுக்கு மூன்று மாதம் இருக்கும் என்றார். அப்பன் பூனையின் சுபாவமும் குட்டிக்கு வருமாம். அந்தக் கடுவன் யாரென்று நம் தெருவில் யாருக்கும் தெரியாது, அதனால் பழியை அதன் தலையில் போட வசதியாக இருக்கிறது.

காதும் ஒரு காரணம். சத்தத்தின் சுருதி ஏற ஏற நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு காது முடிந்துவிடும், பூனைக்கு ஏறத்தாழ 64 வரை கேட்கும். குக்கர் விசில் அடித்தால் இவள் கண்ணைக்கூடத் திறக்க மாட்டாள், ஆனால் பிளாஸ்டிக் கவரைக் கசக்கினால் ஓட்டம்தான். இது என்ன கணக்கு என்று கேட்டால் எனக்கும் விடை கிடையாது. ஒன்று மட்டும் உண்டு, எலிக்குத்தான் பூனை எமன். நாய் முன்னால் அதுவும் ஒரு இரைதான். ஒளிந்துகொள்கிற புத்தி பிறவியிலேயே வந்தது.

"வெளியே கொண்டுபோய் விட்டால் பயம் தானாகத் தெளிஞ்சுரும்" என்கிறீர்கள். அண்ணனைப் படித்துறையில் தள்ளிவிட்டுத்தான் தாத்தா நீச்சல் பழக்கினார், அவனுக்கு அது பலித்தது. பேச்சியிடம் பலிக்காது. தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் விட்டால் அவளுக்குத் தெருவோடு சேர்த்து, தூக்கின கையும் பயமாகிவிடும். அப்புறம் அந்தக் கையில் சாளை மீனே இருந்தாலும் கிட்ட வரமாட்டாள். வெளியே என்ன பெரிதாக இருக்கிறது சொல்லுங்கள்? அம்பாசமுத்திரம் பஸ் வருகிற வேகம் உங்களுக்கே தெரியும். தெரு நாய்கள், சண்டைக் கடுவன்கள், வயலோரத்துப் பாம்பு. எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் எலிமருந்துதான். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்து.

உள்ளே அவள் சும்மா கிடக்கிறாள் என்று நினைக்காதீர்கள். மச்சு ஜன்னல்தான் அவளுக்கு ஊர். காலையில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வேப்பமரத்தடியில் வந்து கத்தும்போது, கம்பிக்குள்ளே இருந்தபடி தாடை நடுங்க 'கெக்கெக்கெக்' என்று ஒரு சத்தம் போடுவாள். இரையைப் பார்த்தும் பிடிக்க முடியாத பூனைகள் இப்படிச் செய்யும். உங்கள் கல்யாணத்துக்கு வாங்கின பத்தமடைப் பாயின் ஒரு ஓரத்தைப் பிராண்டிப் பிராண்டிக் குஞ்சம் ஆக்கிவிட்டாள். அதைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாதீர்கள், இப்போது அது அவள் பாய். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்த பிறகு வீடு அவளுடையது. முன்பக்கத் தார்சாவிலிருந்து அடுப்பங்கரை வரை ஒரு ரோந்து போய்வந்து, கதவு நிலை, பெஞ்சுக் கால், அம்மாவின் கட்டில் எல்லாவற்றிலும் கன்னத்தைத் தேய்ப்பாள். கன்னத்துச் சுரப்பியின் வாசனையைப் பூசி, இது நம் இடம் என்று எழுதி வைக்கிற வேலை அது. அதை முடித்துவிட்டுத்தான் என் மடிக்கு வருவாள்.

சரி, கொடை விஷயத்துக்கு வருகிறேன். திங்கள் ராத்திரி சாமியை அழைக்கிற குடியழைப்பு தொடங்கினால் செவ்வாய் சாமக்கொடை முடியும் வரை நையாண்டி மேளமும் குழாய் ரேடியோவும் வேட்டும் ஓயாது. போன வருஷக் கொடை முடிந்த மறுநாள் பேச்சி நாலு சொட்டு மூத்திரத்துக்காகத் திரும்பத் திரும்ப மரத்தூள் தட்டில் போய் உட்கார்ந்தாள், அதில் ரத்தக் கசிவு வேறு. சோதித்துப் பார்த்ததில் கிருமி எதுவும் இல்லை. பதற்றத்தாலேயே பூனைக்கு மூத்திரப்பை புண்ணாகும் என்றார் டாக்டர். ஆண் பூனையாக இருந்தால் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகியிருக்குமாம். பயத்தில் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் ஈரலில் கொழுப்பு சேர்ந்து கெட்டுவிடும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன், செல்லம் கொடுப்பதற்காக அல்ல.

இந்தத் தடவை அரங்குவீட்டை அவளுக்கே விட்டுவிட்டேன். ஜன்னலைச் சாத்திப் பழைய போர்வையைத் தொங்கவிட்டாயிற்று. குலுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர், கொஞ்சம் தள்ளி மரத்தூள் தட்டு. நடுவில் மளிகைக் கடை அட்டைப்பெட்டி ஒன்று, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே என் பழைய சேலை. பெட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 2014-ல் நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள்தான் சீக்கிரம் நிதானத்துக்கு வந்தன. ஒளிய இடம் இருந்தால்தான் வெளியே எட்டிப் பார்க்கவும் தைரியம் வரும்.

பிள்ளைகளுக்கு அவளைப் பார்க்க ஆசை இருக்கும், தடுக்க மாட்டேன். கொடை முடிந்து சத்தம் அடங்கட்டும். பட்டாசலில் தரையில் உட்காரச் சொல்லுங்கள், நின்றுகொண்டு குனிந்தால் பூனைக்கு நாம் மலை மாதிரி. கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது. பாதிக் கண்ணை மூடி, மெதுவாக இமைத்து இமைத்துக் காட்ட வேண்டும். 2020-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்து, இப்படிச் செய்கிறவரிடம் பூனை திருப்பி இமைக்கிறது, அறிமுகமில்லாதவர் கிட்டேயும் வருகிறது என்று கண்டார்கள். சின்னவனுக்கு இது விளையாட்டாகவே பிடிக்கும். வந்தால் மூக்குக்கு நேரே ஒரு விரலை நீட்டட்டும், மோந்து பார்த்துவிட்டு அவளே கன்னத்தைத் தேய்த்தால் தொடலாம். வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். அண்ணனுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். "மிருகங்களுக்கு என்னைப் பிடிக்கும்" என்று கட்டிலுக்கடியில் கையை விட்டுக் கீறல் வாங்கி, ஊசி போட அலைந்தது அவனுக்கு மறந்திருக்காது. பேச்சிக்கு வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போடுகிறோம், கருத்தடையும் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் செய்தாயிற்று. ஆனாலும் கீறினால் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கைப்பையில் எப்போதும் பாராசிட்டமால் இருக்கும். அவள் சோர்ந்து கிடக்கிறாளே என்று இரக்கப்பட்டு அதில் கால்வாசிகூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

அரங்குவீட்டில் உங்கள் பெட்டிகளை வைக்க இந்தத் தடவை இடம் இல்லை. மச்சில் பெரிய பீரோவைக் காலி செய்து வைத்திருக்கிறேன், பாயும் தலையணையும் அங்கேயே இருக்கின்றன. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்பச் சொல்கிறேன். ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்