கோடை வார இறுதிச் சென்னைப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

குன்னூர்க் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சீசன் கூட்டத்தில் நம் மலைப்பாதை திணறும் மே மாதத்தில், வெள்ளிக்கிழமை இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி நாம் சென்னை செல்கிறோம். சனிக்கிழமை காலை முழுவதும் 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கே உரியது. வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் படம் எடுத்தவுடன் நகர்ந்துவிட வேண்டாம். சிலையைச் சூழ்ந்திருக்கும் சுடர் வளைவான திருவாசி இல்லாத திருமேனி என்பதால், தூக்கிய திருவடியின் வளைவும் வீசிய கரத்தின் போக்கும் மறைப்பின்றித் தெரிவதைப் பக்கவாட்டில் நின்றும் பார்க்க வேண்டும். நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் மயிலைக் கபாலீசுவரர் கோயிலுக்கு மாலையில் செல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடு உள்ளிட்ட பழைய வீடுகளை அவை இருந்த ஊர்களிலேயே பிரித்தெடுத்து, தூண்களையும் கதவுகளையும் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியுள்ள இவ்விடத்தில், ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றுக்கு வெயிலில்தான் நடக்க வேண்டும் என்பதால், காலை பத்து மணிக்கே உள்ளே நுழைந்துவிடுவது நல்லது. பருத்தி உடை, தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஸ்வெட்டர் மேட்டுப்பாளையம் வரைக்கும்தான்.

வர விரும்புவோர் பெயரையும் வயதையும் குழுவில் பதிவிடாமல், புதன்கிழமைக்குள் நிர்வாகிக்குத் தனிச்செய்தியாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.