கோத்தகிரி தேயிலைத் தோட்ட லயத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெரியம்மா, அத்தைமார், மகளிர் குழு அக்காக்கள், பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடை அண்ணன் எல்லோருக்கும்,

ஜெர்மனியில் எனக்கு நர்ஸ் அங்கீகாரம் வந்துவிட்டது. இனி உதவியாள் இல்லை, முழு நர்ஸ். அம்மாவிடம் போனில் சொன்ன அன்றே லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவரவர் செய்ததை நானே சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால், விட்டுப்போனவர்கள் அம்மாவிடம் சண்டைக்கு வருவீர்கள்.

ஜெர்மனிக்கு அனுப்ப ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டு, "பாஷையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று சொன்னபோது அம்மா நகையை எடுத்துவிட்டார். தடுத்தது குழுத் தலைவி அக்கா. "பேச்சுத் தெரியாம அங்க போய் ஊமையாட்டம் நிப்பியா?" என்று கேட்டு, அந்தப் பணத்தில் ஒரு துளியளவு கடனில் கோவையில் ஜெர்மன் வகுப்புக்கு அனுப்பினார். பி2 என்ற நிலைக்கான ஜெர்மன் மொழித் தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டும். எழுத்து என்னை ரொம்பப் படுத்தியது. நல்லவேளை, தேறாத பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். மழையில் கரண்ட் போன சாயங்காலம், வந்ததும் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து தருவதற்காகக் கடையைப் பூட்டாமல் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்த அண்ணனையும் மறக்கவில்லை.

எல்லோரும் கேட்பது குளிரைப் பற்றித்தான். வெளியே மைனஸில் இருந்தாலும் இங்கே வீட்டுக்குள் ஹீட்டர் உண்டு. மார்கழி விடியலில் நம் லயத்து வீடு இதைவிடக் குளிரும்! இருட்டுதான் தாங்கவில்லை. டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் சரியாக விடியாது, நாலரைக்கெல்லாம் மறுபடி இருட்டு.

வேலையில்தான் அதிர்ச்சி. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் துடைத்துவிடுவது, ஊட்டுவது, சேலை மாற்றுவதெல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் பாடு. இங்கே அதெல்லாம் நர்ஸ் வேலை. "இதுக்காடி பி.எஸ்சி. படிச்சே?" என்று அம்மா போனில் அழுதார். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

பிறகு ஒருநாள், பக்கவாதம் வந்த ஒரு கனத்த பாட்டியைப் புரட்டிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த வார்டு சீனியர், "எந்தக் கல்லூரியில் இப்படிக் கற்றுத்தந்தார்கள்?" என்றார். கல்லூரியில் பொம்மையை வைத்துத்தான் பழகினோம். இது அப்பாயி படுத்த படுக்கையாக இருந்தபோது நீங்கள் காட்டித்தந்தது. பழைய சேலையை நாலாக மடித்து இடுப்புக்கடியில் விரித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரே மூச்சில் புரட்டுவீர்கள். படுக்கைப்புண் வரக் கூடாது என்று ராத்திரியிலும் முறை வைத்து வந்தீர்கள். "ஐஸ் கையோட தொடாதடி, அடுப்புல காட்டிட்டு வா" என்பார் எதிர்வீட்டுப் பெரியம்மா. இங்கே அடுப்பு ஏது? இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டுதான் யாரையும் தொடுகிறேன். இப்போது வார்டில் இன்னும் இரண்டு பேர் அப்படிச் செய்கிறார்கள்.

நான் வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் சொல்வீர்கள், நானும் நம்பினேன். டாக்டர் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்பேன். "சந்தேகம் இருந்தும் கேட்காமல் விட்டால்தான் இங்கே தப்பு" என்று சீனியர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் மாத்திரை அளவு முந்தின நாளைவிட வேறாக இருந்தது. கேட்டேன், குரல் நடுங்கியது. டாக்டர் பார்த்து, திருத்தி, நன்றி சொல்லிவிட்டுப் போனார். சந்தையில் கேரட் எடை குறைந்தால் தராசை மறுபடி வைக்கச் சொல்லும் அத்தையோடு வளர்ந்தவள் நான். எனக்கு வாய் இல்லாமல் எப்படிப் போகும்?

ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனது ஓர் ஈழத்துக் குடும்பம். அப்பாயிக்குச் சொந்த ஊர் இலங்கையில் ஹட்டன் பக்கம் என்றதும் அந்த அக்கா, "அப்ப நீங்களும் எங்கட ஆள்தானே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசுத் தேயிலைத் திட்டத்தில் கொழுந்து பறிக்க மலையேறியவர் அப்பாயி. எனக்கு இங்கே விசாவும் சம்பளமும் இருக்கின்றன, பிடிக்காவிட்டால் திரும்பிவர டிக்கெட்டும் எடுக்கலாம். அவரிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அவரைத் தாங்கி ஆளாக்கியதும் இதே லயம்தான் என்று அம்மா சொல்வார்.

குழுக் கடனின் கடைசித் தவணையைப் போட்டுவிட்டேன், ரசீதை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். என் ஜெர்மன் நோட்டுகள் ஜெராக்ஸ் கடையில் இருக்கின்றன, படிக்கிற பிள்ளைகள் நகல் எடுத்துக்கொள்ளலாம். ஏஜென்ட்டிடம் பணம் கட்டுவதற்கு முன், சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். எனக்கும் போன் பண்ணுங்கள், ராத்திரி ஷிப்ட் என்றால் மட்டும் எடுக்க மாட்டேன்.

மே மாதம் லீவில் வருகிறேன். எல்லோருக்கும் சாக்லேட் உண்டு. பெரியம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவருக்குக் கம்பளி சாக்ஸ்.

உங்கள் பிள்ளை