ரேஸ்கோர்ஸில் ஒரு சனிக்கிழமை

சென்னை,
22.5.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் மும்பை கிளம்புகிற வேலை குறுக்கே வந்தது. இப்போது போய்விட்டும் வந்தாயிற்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

என் மகளோடு கன்ஸ் அண்ட் ரோசஸ் ராக் குழுவின் கச்சேரி பார்த்துவிட்டு வந்தேன். மே 17, மகாலக்ஷ்மி ரேஸ்கோர்ஸ். நீயும் நானும் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் கச்சேரி பார்த்ததும் ஒரு 17ஆம் தேதிதான், அதுவும் சனிக்கிழமைதான். 2007 மார்ச்.

போகலாம் என்று கேட்டதே அவள்தான். யாரோடு போகப் போகிறாய் என்றேன். "உங்களோடதான்" என்றாள். அந்த ஒரு சொல்லை இரண்டு மூன்று நாள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். நான் அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டுப் பெங்களூரு வந்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். ஓசூரில் இன்டர்வியூ.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றோமே, ஊருக்கு வந்தும் காதுக்குள் கூவென்று ஒரே சத்தம். ஞாயிற்றுக்கிழமை இன்டர்வியூ என்ன ஆச்சு என்று அப்பா கேட்டிருக்கிறார். எனக்கு விழவில்லை. இன்னொரு தடவை கேட்டதும் விழவில்லை. வேலை கிடைக்காத வருத்தத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. மறுநாள் சட்டைப் பையில் 500 ரூபாய் இருந்தது. எதற்கு என்று அம்மா சொல்லித்தான் தெரியும். உண்மையைச் சொல்லப் பன்னிரண்டு வருஷம் இருந்தது எனக்கு. சொல்லவில்லை. 2019இல் அவர் போய்விட்டார்.

இதை முதன்முதலாக என் மகளிடம்தான் சொன்னேன், ரயிலில் வைத்து. 16ஆம் தேதி காலை சென்னையில் ஏறினோம். அன்றைக்குத்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட். ரேணிகுண்டா தாண்டி, சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஒருவழியாக மார்க் வந்தது. கணக்கில் அவள் நினைத்ததைவிடக் குறைவு. மார்க் எப்படி வந்தாலும் கச்சேரி உண்டு என்று டிக்கெட் எடுத்த அன்றே சொல்லியிருந்தேன், ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளைத் தேற்றத்தான் ஓசூர் இன்டர்வியூ கதையை எடுத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "தாத்தாவையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள்.

மாப்ளே, இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. கோயில் திருவிழாவில் தவில் தனிக்காக விடியவிடிய உட்கார்ந்திருந்த மனிதர் அவர். மெய்டனின் நிக்கோ மெக்பிரைன் டிரம்ஸ் வாசித்ததைக் கண் கொட்டாமல் பார்த்திருப்பார். (போன டிசம்பரில் நிக்கோ கச்சேரிப் பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றதைப் படித்திருப்பாய்.) இன்னொன்றும் நினைத்துப் பார். அன்றைக்கு மெய்டனுக்கு முன்னால் மேடை ஏறிப் பாடியது அவர்களுடைய பாஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன். எப்போது முடிப்பாள் என்று நாம் கத்திக்கொண்டிருந்தோம். மகள் பாடும்போது அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மாட்டுங்காவில் அத்தை வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை வெயிலும் புழுக்கமும் சொல்லி மாளாது. திடலுக்குள் போனதும் முதல் வேலையாக இயர் பிளக்கை எடுத்தேன். "பாட்டுக் கேக்க வந்துட்டு காதை அடைக்கச் சொல்றீங்களே" என்று முறைத்தாள். இந்த விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் சத்தம் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2022இல் சொல்லியிருக்கிறது. உள்காதில் இருக்கிற அந்த நுண்ணிய செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. பிளக்கை விரலிடுக்கில் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அது உப்புகிற வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். நானே அவளுக்குப் போட்டுவிட்டேன். காது குத்தின நாளுக்குப் பிறகு அந்தக் காதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. இரண்டு பாட்டு முடிந்ததும் அவளே சொன்னாள், இப்போதுதான் வார்த்தை தனியாக, கிதார் தனியாகக் கேட்கிறது என்று.

2012இல் இவர்கள் பெங்களூரு வந்தபோது கிதார்காரர் ஸ்லாஷ் இல்லாத கன்ஸ் அண்ட் ரோசஸ் எதற்கு என்று நான் வரமாட்டேன் என்றேனே, இந்தத் தடவை அந்தக் குறையும் தீர்ந்தது. பாடகர் ஆக்சிலுக்கு 63 வயது. குரல் பழைய உயரத்துக்கு ஏறாத இடங்கள் இருந்தன, ஆனால் மனுஷன் ஒரு பாட்டையும் சும்மா ஒப்பேற்றவில்லை. ஸ்லாஷின் தொப்பியையும் விரல்களையும் விட்டு என் கண் நகரவில்லை. அவளோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்த கீபோர்டு அக்காவைப் பாருங்க" என்று என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். மெலிஸா ரீஸ். 2016இல் சேர்ந்தவர், அந்தக் குழுவில் இடம்பிடித்த முதல் பெண். நானும் எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன், அவரை ஒருநாளும் கவனித்ததில்லை. கிரேடு பரீட்சைக்காக மட்டும் கீபோர்டைத் தொடுகிற என் மகள், அவர் எந்தக் கையால் எதை வாசிக்கிறார் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கச்சேரியின் பாதியை அவள் கண் வழியாகத்தான் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் காட்டமாட்டாளா என்றுதான் இருந்தது.

இடையில் பின்னால் போய்த் தண்ணீர் வாங்கினோம். அங்கிருந்து பார்த்தால் டிரம்ஸ் குச்சி இறங்கிய பிறகுதான் அடி காதுக்கு வருகிறது. ஏன் என்று கேட்டாள். 100 மீட்டர் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும், அதனால்தான் திடல் நடுவில் வைக்கிற ஸ்பீக்கர்களை அதே அளவு தாமதப்படுத்திப் பாட விடுவார்கள், இல்லையென்றால் பின்னால் இருப்பவனுக்கு ஒரே அடி இரண்டாகக் கேட்கும் என்றேன். அப்படியே நின்று கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

திரும்பும்போது மகாலக்ஷ்மி ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. வண்டிக்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், மாட்டுங்கா ரோடு வந்ததும்தான் எழுப்பினேன். மறுநாள் காலை அத்தை அடுப்படியிலிருந்து மெல்லக் கூப்பிட்டது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

சரி, பையன் இப்போது என்ன கேட்கிறான்? லீவு முடிவதற்குள் ஒரு நடை எல்லாரும் வாருங்கள். வரும்போது அந்தப் பேலஸ் கிரவுண்ட்ஸ் டிக்கெட் துண்டையும் எடுத்து வா. அப்பா கண்ணில் படக் கூடாது என்று அன்றைக்கு உன்னிடம் கொடுத்தேனே, அதுதான். அவள் பார்க்கணுமாம்.

அன்புடன்,
உன் மச்சான்