பெட்டி பிரிக்கும் முன்பே வயலினைக் கையில் கொடுத்தவர்களுக்கு

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

11 ஆண்டுகள் கழித்துப் பழைய நகரத்துக்கே குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. வளர்ந்த ஊர்தானே, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்றிருந்தேன். முதல் வாரமே பஸ் மாறி ஏறி எங்கோ இறங்கினேன். தெரிந்த தெருவில் தெரியாத ஆளாக நிற்பது அப்படி வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் கண்டுகொண்டீர்கள்.

சாமான்களை அடுக்கி முடித்த பிறகுதான் வயலினையும் வண்ணப் பெட்டியையும் தொடுவது என்று நினைத்திருந்தேன். அந்த நாள் இப்போதைக்கு வராது என்று எனக்கு முன்பே தெரிந்தவர் மாடிவீட்டு அக்கா. ஜன்னலோரம் கிடந்த பெட்டிகளைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு, “இந்த மூலை உனக்கு. இங்கே எதையும் வைக்காதே” என்றார். அக்கா, அந்த மூலை இன்றும் அப்படியே இருக்கிறது.

பயணத்தில் பழுதாகக் கூடாதென்று வயலினின் நான்கு தந்திகளையும் ஒரேயடியாகத் தளர்த்தியிருந்தேன். உறையைத் திறந்ததும் உள்ளே ஏதோ உருண்டது. சவுண்ட்போஸ்ட் விழுந்திருந்தது. மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே நிற்கும் சின்ன மரக்குச்சி அது. பசை கிடையாது, தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. வாத்தியம் பழுதுபார்க்கும் அண்ணனிடம் ஓடினேன். அவர் துளை வழியே வளைந்த கம்பியை விட்டுக் குச்சியை நிமிர்த்தினார். மயிரிழை நகர்த்துவார், வில் போட்டுக் கேட்பார், மறுபடி நகர்த்துவார். “இத்தாலியர்கள் இதை ஆன்மா என்பார்கள். இனிமேல் ஒவ்வொரு தந்தியாகத் தொடு, அம்மா” என்றார். அன்று எனக்காகவே கடையை வெகுநேரம் திறந்து வைத்திருந்தீர்கள், அண்ணா.

முகவரி மாற்றும் அலைச்சலில் கூடவே வந்த தோழிக்கும், மாலையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்ற எதிர்வீட்டுப் பெரியவருக்கும் என் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை ஓவிய நண்பர்களே, கல்லாக இறுகிவிட்ட என் வாட்டர்கலர் டியூப்களைக் குப்பைப் பையிலிருந்து மீட்டவர்கள் நீங்கள். பிளேடால் கிழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டீர்கள். வண்ணத்தைப் பிணைத்திருக்கும் வேலம்பிசின் இளகி, நீலம் தூரிகையில் ஏறியது.

அதே வாரம் என் பழைய தெருமுனையில் வரைய உட்கார்ந்தோம். என் கை பழக்கத்தில் ஒரு மரத்தை வரைந்துவிட்டது. அங்கே இப்போது கட்டடம்தான் நிற்கிறது. அழிக்கப் போனேன். நீங்கள் தடுத்து, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கேட்டுக் கேட்டு உங்கள் தாள்களிலும் அதை வரைந்தீர்கள். நான் அழுததைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தீர்கள். அதற்கும் நன்றி.

வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்த ஜன்னலோரத்தில் வாசிக்கிறேன். எல்லோரும் வாருங்கள். மர ஓவியங்களை மறக்காமல் எடுத்து வாருங்கள். சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தோழி