மாணவியர் விடுதியின் குளியலறை, கழிப்பறைகளைச் சீரமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
விடுதி மாணவியர் 92 பேர் சார்பாக,
இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி,
அரசு கல்லூரி மாணவியர் விடுதி.
(விடுதியின் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: விடுதியின் பொதுக் குளியலறை, கழிப்பறைகளுக்குக் கதவு, தாழ்ப்பாள், போதுமான தண்ணீர், நாப்கின் அப்புறப்படுத்தும் வசதி ஆகியவற்றைச் செய்துதர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த மனுவைக் கொடுப்பதற்காக விடுதியிலிருந்து நான்கு பேர் வந்திருக்கிறோம். மற்ற 88 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்களில் பெரும்பாலானோர் கிராமத்து அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களே அதிகம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. விடுதியில் சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம். இந்த உதவிகள் இல்லையென்றால் நாங்கள் படித்திருக்கவே முடியாது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறோம்.

விடுதிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் வீட்டிலும் இங்கேயும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "போகப் போகப் பழகிடும்." என் அம்மாவும் போனில் அதைத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்தில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டிய மறைப்புதான் குளியலறை. கோடையில் தண்ணீர் இல்லாதபோது பக்கத்துத் தோட்டத்துப் பம்பு செட்டுக்குப் போய், பாவாடையை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்போம். அங்கே சுற்றி இருப்பவர்கள் எல்லாம் அத்தையும் சித்தியும்தான். இங்கே வந்த முதல் நாள் காலை, முன்பின் தெரியாத முப்பது பேர் வாளியோடு வரிசையில் நிற்க, நடுவில் நானும் நின்றேன். உள்ளே போன பிறகும் பாவாடையை அவிழ்க்காமல்தான் குளித்தேன். வெளியே யாராவது கதவைத் தட்டினால் கை நடுங்கும். நான் மட்டும் இல்லை, முதல் வருடம் வந்த முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இருந்தோம்.

பிறகு உண்மையிலேயே பழகிக்கொண்டோம். மூன்றாம் ஆண்டு அக்காக்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஊரில் தெருக்குழாயில் குடத்தைப் போட்டு இடம்பிடிப்பது போல இங்கே வாளிதான் வரிசை. வாளியை நகர்த்தி வைத்தால் அது சண்டைக்குரிய குற்றம். செவ்வாயும் வெள்ளியும் எல்லோரும் தலைக்குக் குளிக்கிற நாள் என்பதால் வரிசை இரண்டு மடங்காகும், சீயக்காயும் முடியும் போய்க் குழாயை அடைத்துவிடும். அதனால் அறைவாரியாக நாள் பிரித்துக்கொண்டோம். கீழ்த்தளத்துக்குச் செவ்வாய், மேல்தளத்துக்கு வெள்ளி. ஞாயிறு கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவ மாணவிகளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். குளித்து முடித்ததும் உதிர்ந்த முடியை எடுத்துப் போடுவது, சோப்பு நுரையைக் கழுவிவிட்டு வருவது, பரீட்சை இருப்பவர்களை முன்னால் விடுவது என்று எல்லாவற்றையும் நாங்களே பேசி வைத்துக்கொண்டோம். மாதவிலக்கு நாட்களில் இருப்பவள் வரிசையில் நிற்க வேண்டாம், கேட்டாலே விட்டுவிடுவோம். இந்த ஏற்பாட்டைச் செய்ததில் எங்களுக்குப் பெருமை உண்டு.

அதாவது ஐயா, எங்களால் பழகிக்கொள்ள முடிந்ததற்கெல்லாம் பழகிவிட்டோம். மீதி இருப்பவற்றுக்காகத்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

விடுதியில் கட்டியது 8 குளியலறைகள். இப்போது பயன்படுத்தக்கூடியவை 5. மற்ற மூன்றில் ஒன்றுக்குக் கதவே இல்லை, இரண்டில் தண்ணீர் வெளியேறுவதில்லை. 10 கழிப்பறைகளில் 6 மட்டும்தான் திறந்திருக்கின்றன. நாங்கள் காலை எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். ஒருத்திக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால்கூட 92 பேர் 5 அறைகளில் குளித்து முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் நாலரை மணிக்கே முதல் வாளி வந்துவிடுகிறது. கடைசியில் இருப்பவர்கள் முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். இதைக்கூடச் சமாளித்துக்கொள்வோம். கதவுகளைத்தான் சமாளிக்க முடியவில்லை.

இருக்கும் 5 குளியலறைகளில் 2-க்கு மட்டும்தான் தாழ்ப்பாள் இருக்கிறது. மற்ற மூன்றும் பிவிசி கதவுகள். அடிப்பக்கம் உடைந்து முழங்கால் வரை திறந்து கிடக்கின்றன. உள்ளே இருப்பவள் தண்ணீர் நிரம்பிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குளிக்க வேண்டும். இல்லையென்றால் தோழி ஒருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். தோழி கிடைக்காத முதலாமாண்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் அறைக்கு இந்த வருடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வந்த இரண்டாவது வாரம் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வேறொரு மாணவி கதவைத் தள்ளிவிட்டாள். தள்ளியவள் உடனே மன்னிப்புக் கேட்டாள், அவள் மேல் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதன் பிறகு இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய்க் குளிக்கத் தொடங்கினாள். இருட்டில் தனியாகப் போகிறாளே என்று நானும் சில நாள் கூடப் போனேன். ஆடிப் பண்டிகைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வீட்டில் "படிப்பு பிடிக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா அம்மாவிடம் வேறு எப்படிச் சொல்வாள்? பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். இப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் போன் செய்தபோது, "கதவு போட்டாச்சுன்னா சொல்லு, வர்றேன்" என்றாள். அவள் பெயர் இன்னும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

அடுத்து தண்ணீர். மாடியில் 2,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகள் இரண்டு உள்ளன. ஒன்றில் நடுவில் விரிசல், பாதிக்கு மேல் நிற்காது. மோட்டார் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓடுகிறது. ஆகமொத்தம் 6,000 லிட்டர், ஒருத்திக்குச் சுமார் 65 லிட்டர். விடுதியில் தங்குபவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அதன்படி எங்கள் 92 பேருக்கு 12,420 லிட்டர் வேண்டும். பாதிகூட வருவதில்லை. காலை ஏழு மணிக்குக் குழாய் காற்றடிக்கத் தொடங்கினால் கழிப்பறைக்கு ஊற்றவும் தண்ணீர் இருக்காது.

இதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கல்லூரியிலிருந்து வந்த பிறகு இரவு வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பேன். போன தை மாதம் அடிவயிற்று வலியும் காய்ச்சலும் வந்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். சிறுநீர்த் தொற்று என்றார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?" என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தேன். சொன்ன மற்ற இரண்டையும் இந்த விடுதியில் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அறையில் மட்டும் இதே நோய்க்கு மூன்று பேர் மருந்து சாப்பிட்டிருக்கிறோம்.

குளியலறைகளின் பின்சுவரில் வென்டிலேட்டர் கண்ணாடிகள் உடைந்து வெகுநாளாகிறது. பின்னால் புதிதாக ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தெரியும். பழைய பிளெக்ஸ் பேனர்களை வாங்கிவந்து நாங்களே கட்டி வைத்திருக்கிறோம், காற்றடித்தால் கிழிந்துவிடுகிறது. எல்லோர் கையிலும் கேமரா இருக்கும் காலம் இது. ஒளிந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி குற்றம் என்று கல்லூரியில் வகுப்பெடுத்தார்கள். அந்தப் பிரிவில் புகார் கொடுக்கும் நிலை எங்களில் ஒருத்திக்கும் வந்துவிடக் கூடாது. அதற்குள் கண்ணாடி போட்டுவிட வேண்டும்.

நாப்கின் போடுவதற்குக் கழிப்பறைகளில் மூடியுள்ள தொட்டி இல்லை. எரிக்கும் இயந்திரம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது, அதற்கு மின்இணைப்பு கொடுக்கவே இல்லை. செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டி வரை போகிறோம். மழை நாளிலும் இரவிலும் அது முடியாதபோது சிலர் கழிப்பறைக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். அது தப்புதான், ஒத்துக்கொள்கிறோம். அடைப்பு ஏற்படும்போது துன்பப்படுவது எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா. வாரத்தில் மூன்று நாள்தான் வருகிறார். கையுறைகூடக் கொடுக்கவில்லை. போன மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தபோது, ஆள் விட்டு எடுக்கலாம் என்று யாரோ பேசியது எங்கள் காதில் விழுந்தது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அதற்குள் மனிதரை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நல்லவேளையாக அன்று அப்படி நடக்கவில்லை, லாரி வந்தது. எங்கள் கழிவுக்காக ஒருவர் அந்தக் குழிக்குள் இறங்குவதை நாங்கள் ஏற்க மாட்டோம். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இயந்திரம் கொண்டு சுத்தம் செய்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

எங்களோடு ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு மாணவியும் இருக்கிறார். கழிப்பறைகள் அனைத்தும் இந்திய வகை, பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பிகூட இல்லை. ஈரத் தரையில் கோல் வழுக்குகிறது. இரண்டு முறை விழுந்திருக்கிறார். கீழ்த்தளத்தில் ஒரே ஒரு கழிப்பறையை மேற்கத்திய வகையாக மாற்றிக் கைப்பிடி வைத்தால் போதும் என்கிறார்.

வார்டன் அம்மாவிடம் பலமுறை சொன்னோம். அவரும் மேலே எழுதியிருக்கிறார், அவர் மேல் எங்களுக்குக் குறை இல்லை. ஒரு பொறியாளர் வந்து அளவெடுத்துப் போனார். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஆகிறது. காத்திருந்து பார்த்துவிட்டு நாங்களே ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தாழ்ப்பாள்கள் வாங்கிவந்து மாட்டிப் பார்த்தோம். நிலைச்சட்டமே உளுத்துப் போயிருப்பதால் திருகாணி பிடிக்கவில்லை. அந்தத் தாழ்ப்பாள்கள் இப்போதும் அலமாரியில் இருக்கின்றன. மாட்ட நல்ல நிலைச்சட்டம் மட்டும் கொடுத்தால் போதும்.

ஆகவே ஐயா, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் நிதி ஒதுக்க முடியாமல் போகலாம் என்பது எங்களுக்குப் புரிகிறது. முதலில் குளியலறை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் நிலைச்சட்டத்தோடு கதவும் தாழ்ப்பாளும் போட்டு, வென்டிலேட்டருக்கு மங்கலான கண்ணாடி மாட்டித்தர உத்தரவிட வேண்டுகிறோம். இது இந்த மாதமே நடக்க வேண்டும். ஊருக்குப் போனவளுக்கு வருகை போதாமல் போய்விட்டால் இந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. அதே சமயத்தில் எரிக்கும் இயந்திரத்துக்கு மின்இணைப்பும் மூடியுள்ள தொட்டிகளும் கொடுத்துவிடலாம், அதற்குப் பெரிய செலவு ஆகாது. மழைக்கு முன்பாகச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து, விரிசல் விட்ட தொட்டியை மாற்றி, கூடுதலாக ஒரு தொட்டி வைக்க வேண்டும். மூடிக்கிடக்கும் 3 குளியலறைகள், 4 கழிப்பறைகளின் பழுதையும், கைப்பிடி வைத்த கழிப்பறையையும் அதற்கடுத்து எடுத்துக்கொள்ளலாம். தூய்மைப் பணியாளரைத் தினமும் வரவைத்து, அதற்குரிய முழு ஊதியமும் கையுறையும் காலணியும் வழங்க வேண்டும். சுத்தமாக வைத்துக்கொள்வதற்குத் தளத்துக்கு நான்கு பேராக மாணவியர் குழு ஒன்றை ஏற்கெனவே அமைத்திருக்கிறோம். வேலை முடிந்த பிறகு பராமரிப்பு எங்கள் பொறுப்பு.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஆய்வுக்கு யாரையாவது அனுப்புவதாக இருந்தால், பெண் அதிகாரி ஒருவரைக் காலை ஐந்து மணிக்கு அனுப்பி வையுங்கள். பகல் பதினோரு மணிக்கு வந்தால் நாங்கள் எல்லோரும் கல்லூரியில் இருப்போம், அறைகள் காலியாகத்தான் தெரியும். ஐந்து மணிக்கு வந்து, வரிசையில் நிற்கும் ஏதாவது ஒரு மாணவிக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விடுதி மாணவியர் சார்பாக,
இரண்டாம் ஆண்டு மாணவி.

இணைப்பு: மாணவியர் 92 பேரின் கையெழுத்துப் படிவம், குளியலறைக் கதவுகளின் படங்கள் 7, வார்டன் அம்மாவிடம் முன்பு கொடுத்த மனுவின் நகல்.